கொல்லைக் குளம்: மீனுக்கு ஒன்று, தவளைக்கு ஒன்று

வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு குளம் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மீனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குழி வெட்டுவது, தண்ணீர் விடுவது, கடைக்குப் போய்ப் பத்துத் தங்கமீன் வாங்கி வந்து விடுவது. ஐப்பசி மழையில் தவளைகளும் வந்து சேரும், ராத்திரி முழுக்கக் கத்தும், முட்டை இடும். நாலைந்து நாளில் முட்டையும் இருக்காது, தலைப்பிரட்டையும் இருக்காது. "தவளை வருது, குஞ்சு மட்டும் தங்க மாட்டேங்குது" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன மீன் விட்டிருக்கிறீர்கள்?

மீனையும் தலைப்பிரட்டையையும் ஒரே தண்ணீரில் வளர்க்க முடியாது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விதிவிலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன். ஆகவே இரண்டு தண்ணீர் வேண்டும். ஒன்று ஆழமாக, மீனுக்கு. இன்னொன்று ஆழமில்லாமல், மீனே இல்லாமல், தவளைக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். இதைக் குழி வெட்டும் முன்பே முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களுக்கு. மலை ஊர்களின் குளிருக்குக் கணக்கு வேறு.

இடம் பார்ப்பது

காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழ வேண்டும், மதிய வெயில் விழக்கூடாது. அல்லி பூக்க வெயில் வேண்டும். ஆனால் சித்திரை வெயில் நாள் முழுக்க விழுந்தால் அந்தச் சின்னத் தண்ணீர் தாங்காது. வேம்பு, புளி, முருங்கை இவற்றுக்கு நேர் கீழே வேண்டாம். சருகு விழுந்து மக்கி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் குடித்துவிடும். முருங்கையில் கம்பளிப்பூச்சி வேறு. செப்டிக் டேங்க் பக்கமும், துவைக்கிற கல்லின் தண்ணீர் ஓடிவரும் பள்ளமும் கூடாது.

மீன் குளம்

நிலத்தில் குழி வெட்ட இடம் இருந்தால் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் போதும். கிட்டத்தட்ட 1,350 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சிறியதாக வைத்தால் வெயிலில் சீக்கிரம் சூடேறும், ராத்திரியில் சீக்கிரம் ஆறும், மீன் தவிக்கும். குழியின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்படியாகச் சரித்து விடுங்கள். அடியில் கல், வேர், ஓடு எல்லாம் பொறுக்கிவிட்டு இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மேலே பழைய சாக்கு விரித்து, அதற்குமேல் தார்ப்பாய் போட வேண்டும். அசோலா என்ற தீவனப் பாசி வளர்க்கத் தேவையானதை விற்கும் கடைகளில் சில்பாலின் என்று கேட்டால் கொடுப்பார்கள். 250 ஜிஎஸ்எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் பாயின் எடை, கிராமில்) குறையாமல் வாங்குங்கள்.

பாயின் அளவு எப்படி எடுப்பது என்று பலருக்குக் குழப்பம் வருகிறது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டுங்கள். ஓரத்தில் மடிக்க இருபக்கமும் ஓர் அடி சேருங்கள். ஆறு, நாலு, இரண்டு: பன்னிரண்டு அடி. அகலத்துக்கும் அப்படியே: நாலு, நாலு, இரண்டு: பத்து அடி. ஆக 12-க்கு 10 பாய். ஓரத்தை மண்ணில் புதைத்து மேலே கல் வையுங்கள். பாய் வெயிலில் நேரடியாகத் தெரிந்தால் இரண்டு மூன்று வருடத்தில் பொரிந்துவிடும்.

குழி வெட்ட முடியாத வீடுகளில் கிணற்று உறை நல்ல வழி. மூன்றடி அகல உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடியில் கான்கிரீட் போட்டால் தொட்டி தயார். ஆனால் புது சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும். அதில் நேராக மீனை விட்டால் மறுநாள் மிதக்கும். தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று முறை. மீன் வளர்க்கும் தொட்டிக்காரர்கள் பலரும் காலங்காலமாகச் செய்வது இது. கடைசியில் தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் தாள் ஒன்று நனைத்துப் பாருங்கள். 8.5-க்குக் கீழே வந்திருந்தால் சரி.

உறைத் தொட்டிக்கு இன்னொரு குறை உண்டு. சுவர் செங்குத்து. உள்ளே விழுந்த தேரையோ ஓணானோ ஏற முடியாமல் செத்துப்போகும். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், அல்லது உள்ளே ஒரு மூலையில் செங்கலைப் படியாக அடுக்குங்கள்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வெயிலில் திறந்து இரண்டு நாள் நின்றால் போய்விடும். போர்வெல் தண்ணீரில் பிரச்சினை வேறு. நிலத்தடியிலிருந்து வருவதால் ஆக்சிஜன் மிகக் குறைவு, இரும்பும் உப்பும் இருக்கலாம். அதை உயரத்திலிருந்து சிதறும்படி விட்டு, மூன்று நான்கு நாள் நிறுத்துங்கள். மொட்டை மாடி மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் நல்லது. முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். மாடித் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

நிரப்பிய பத்து நாளில் தண்ணீர் பச்சையாகும். பயந்துபோய் மாற்றாதீர்கள், பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே போகாதீர்கள். செடி வளர வளர அதுவே தெளியும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தொட்டிச் சுவரிலும் கல்லிலும் படிய மூன்று நான்கு வாரமாவது பிடிக்கும். புதுத் தொட்டியில் மீன் செத்ததென்றால் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

செடி

அல்லிக்கிழங்கை மண்சட்டியில், களிமண்ணில் நட்டு, மேலே ஒரு அங்குலம் மணல் போட்டு இறக்குங்கள். யூரியா வேண்டாம். நன்கு மக்கிய சாணத்தை ஒரு கைப்பிடி, சட்டியின் அடியில் மட்டும். ஓரத்தில் நீர்ப்பிரம்மி, ஆரைக்கீரை, சேம்பு, கோரை எதுவும் சரி. தண்ணீருக்குள் ஹைட்ரில்லா ஒரு பிடி போதும், அதுவே பெருகும். குளத்தின் மேல்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடாதீர்கள். வெங்காயத்தாமரை வேண்டவே வேண்டாம். அழகாகப் பூக்கும், ஒரு மாதத்தில் குளத்தையே தின்றுவிடும். ஆற்றிலும் ஏரியிலும் அது என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன மீன்

இங்கேதான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். மழை கொட்டினால் எந்தக் குளமும் வழியும். வழிந்த தண்ணீர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போகும், அதோடு மீனும் போகும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் இன்று நம் ஏரிகளில் எங்கே வலை போட்டாலும் ஏறும் ஜிலேபிக் கெண்டை. கண்ணாடித் தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கும் டேங்க் கிளீனர் மீனும் இப்போது ஏரிகளில் மாட்டுகிறது. தோல் கல் மாதிரி இருப்பதால் மீனவர்களுக்கு வலை கிழிந்ததுதான் மிச்சம். கொசுவைத் தின்னும் என்று கிணறுகளில் விடும் கம்பூசியாவும் 1920-களில் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அது கொசுப்புழுவோடு நிறுத்திக்கொள்வதில்லை. தவளை முட்டையைக் கொத்தும், தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் கடித்தே கொல்லும். மூடிய கிணற்றில் இருந்துவிட்டுப் போகட்டும், கொல்லைக் குளத்துக்கு வேண்டாம்.

நம் ஊர் மீனில் கொசுவுக்குச் சரியான ஆள் முண்டக்கண்ணி. அலங்கார மீன் கடையில் பஞ்சாக்ஸ் என்று சொன்னால் தெரியும். சென்னைக்காரர்கள் கொளத்தூர்ப் பக்கம் ஒரு நாள் அலைந்தால் கிடைத்துவிடும். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் உச்சந்தலையில் வெள்ளியாக ஒரு பொட்டு மின்னும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். வாய் மேல்நோக்கி இருப்பதால் தண்ணீரின் மேல்பரப்பில் தொங்கும் கொசுப்புழுவை அப்படியே உறிஞ்சும். ஆயிரம் லிட்டருக்கு 10 போதும், தானாகவே பெருகும். நடுத் தண்ணீருக்குச் சின்னக் கெண்டைப் பொடி ஐந்தாறு சேர்க்கலாம். விரால், குறவை, கெளுத்தி, பனையேறிக் கெண்டை எல்லாம் நம் ஊர் மீன்தான், ஆனால் சின்னக் குளத்தில் விட்டால் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிடும். கப்பி மீன் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: தண்ணீர் எந்தக் காலத்திலும் வெளியே வழியாத தொட்டியென்றால் விடுங்கள்.

வாங்கிவந்த பையை அப்படியே கொட்டாதீர்கள். கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் குளத்துக்குள் போக வேண்டாம். முதல் வாரம் தீனி போடவே வேண்டாம். அதற்குப் பிறகும், போட்டது இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவுதான். வழியும் இடத்தில் ஒரு குழாய் பதித்து வாயில் கொசுவலை கட்டிவிடுங்கள்.

தவளைத் தொட்டி

இதற்கு ஆழம் தேவையில்லை. மூன்றடி அகலமும் அரை அடி முதல் ஓர் அடி வரை ஆழமும் உள்ள எந்தத் தொட்டியும் சரி. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்ட் தொட்டியோ, விளிம்பு மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்த பிளாஸ்டிக் டப்போ. அடியில் பாதாம் மரத்துக் காய்ந்த இலை பத்துப் பதினைந்து போடுங்கள். தண்ணீர் வெளிர் டீ நிறமாகும், கெடுதல் இல்லை. ஊறிய இலைமேல் படியும் வழுவழுப்பைத்தான் தலைப்பிரட்டைகள் உட்கார்ந்து சுரண்டித் தின்னும். ஒரு பக்கம் கல்லடுக்கி, கால் முளைத்தவை ஏறிவர வழி செய்யுங்கள். தொட்டியைச் சுற்றி இரண்டடிக்குச் சருகும் புல்லும் இருக்கட்டும். பளிச்சென்று பெருக்கிய சிமெண்ட் தரை நடுவே தொட்டி வைத்தால் வெளியே வரும் குஞ்சுகள் காய்ந்து சாகும்.

தவளையை எங்கிருந்தும் பிடித்து வர வேண்டாம். முட்டையும் கொண்டுவர வேண்டாம். ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோயும் கூடவே பயணம் போகும். அக்கம்பக்கத்தில் ஒரு காலி மனையாவது இருந்தால் முதல் நல்ல மழையிலேயே தானாக வந்துவிடும். அதுவும் புதுத் தண்ணீரைத் தேடித்தான் வரும். பழைய குளத்தில் மீன், தட்டான் புழு, நீர்ப்பூச்சி எல்லாம் காத்திருக்கும். மழை பெய்து நேற்று நிறைந்த குட்டையில் இவை எதுவும் இன்னும் வந்திருக்காது. அவை வந்து வளர்வதற்குள் குஞ்சுக்குக் கால் முளைத்தால் பிழைத்தது. உங்கள் தவளைத் தொட்டி அந்த மழைக்குட்டையின் வேலையைத்தான் செய்கிறது.

யார் வந்தது என்று முட்டையைப் பார்த்தே சொல்லலாம். நீளமான பசைச் சரடு, உள்ளே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், செடித் தண்டில் சுற்றிக்கொண்டு கிடந்தால் தேரை, தோல் சொரசொரப்பாக இருக்குமே, அது. இரண்டொரு நாளில் பொரித்துவிடும். கறுகறுவென்ற குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக நகரும். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்: தேரைக் குஞ்சின் உடம்பில் கசப்பான நஞ்சு இருப்பதால் பல மீன்கள் வாயில் வைத்ததும் துப்பிவிடும். ஆகவே மீன் குளத்திலும் இது மட்டும் பிழைப்பதைப் பார்க்கலாம்.

தண்ணீருக்கு மேலே, தொட்டிச் சுவரிலோ தொங்கும் இலையிலோ, கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் அது மரத்தவளை. குளியலறை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான ஆள். யாரோ சோப்பு நுரையை வீசியிருக்கிறார்கள் என்று கழுவிவிட்டவர்கள் உண்டு. தொடாதீர்கள். முட்டை அந்த நுரைக்குள்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பாகும், உள்ளே ஈரம் காயாது. சில நாளில் குஞ்சுகள் நெளிந்து நெளிந்து நேராகக் கீழே தண்ணீரில் சொட்டும். நுரைக்கு நேர் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகச் சின்னச் சின்ன முட்டைகள் பரவியிருந்தால் அது குறுவாய்த் தவளையாக இருக்கலாம். அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி, வயிற்றுக்குள் இருப்பது கூடத் தெரியும். நகத்தளவு ஆளாக இருந்தாலும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

மழையில் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பை உப்பக் கத்தும் பெரிய தவளை வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், ஆனால் மற்ற குஞ்சுகளுக்கு ஆபத்து. இதன் தலைப்பிரட்டை மற்ற தலைப்பிரட்டைகளைத் தின்னும். கிடைத்தால் கொசுப்புழுவையும் விடாது. ஒரு காலத்தில் இவற்றின் காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1987-ல் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

தீனி? இலையும் பாசியும் இருக்கும் தொட்டியில் தேவையில்லை. குஞ்சு நிறைய, பாசி குறைவு என்றால் வேகவைத்த கீரை ஓர் இலை போடுங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சோறு, பிஸ்கட், முட்டை எதுவும் வேண்டாம். ஒரே ராத்திரியில் தண்ணீர் நாறிவிடும்.

சில வாரத்தில் பின்கால் தெரியும். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டம். முன்கால் வெளியே தெரியாமல் தோலுக்கு அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த இடம் புடைத்து, ஒரு நாள் முழங்கை முதலில் துருத்திக்கொண்டு வெளியே வரும். ஒரு பக்கம் முதலில், மற்றது கொஞ்சம் கழித்து. அந்த நாளிலிருந்து அது சாப்பிடாது. பாசி சுரண்டிய வாய் தவளை வாயாக மாறிக்கொண்டிருக்கிறது, வாலைக் கரைத்துத்தான் பசியாறுகிறது. செவுளும் போய் நுரையீரலில் மூச்சு விடத் தொடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் ஏறி உட்கார ஒரு கல்லோ இலையோ இல்லாவிட்டால், அத்தனை நாள் தண்ணீரில் வாழ்ந்த குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். "கால் வந்ததும் செத்துப்போச்சு" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

தேரைக் குஞ்சுகள் ஒரே நேரத்தில் கூட்டமாகக் கரையேறும், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. அந்த வாரம் கொல்லையில் பார்த்து நடங்கள்.

கொசு

மீன் குளத்தில் முண்டக்கண்ணி பார்த்துக்கொள்ளும். தவளைத் தொட்டிக்கு நீங்கள்தான் பொறுப்பு, ஏனென்றால் பெரும்பாலான தலைப்பிரட்டைகள் கொசுப்புழுவைத் தொடாது. கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் இரண்டு முறை டீ வடிகட்டியோடு போங்கள். நிழல் பட்டதும் புழுக்கள் அடியில் போய்விடும். அசையாமல் நின்றால் மூச்சுவிட மேலே வரும், அப்போது அள்ளிவிடலாம். மழை பெய்து ஐந்து நாளாகியும் தவளை முட்டை ஒன்றும் இல்லையென்றால் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அப்போது உள்சுவரைத் தென்னை நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், தண்ணீர் பட்டால் பொரிக்கும்.

மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், கொசு மருந்து எதுவும் தொட்டியில் விழக்கூடாது. சுகாதாரப் பணியாளர்கள் வந்தால் கூட்டிப்போய் மீனையும் தலைப்பிரட்டையையும் காட்டுங்கள். புழு இல்லை என்று கண்ணால் பார்த்தால் அவர்களுக்கும் நிம்மதி.

பாம்பு, பறவை, பிள்ளைகள்

தவளை இருக்கும் இடத்துக்குத் தண்ணீர்ப் பாம்பு வரும். கோபக்காரப் பாம்பு, கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது. நல்ல பாம்பும் தவளைக்காக வரலாம். அதனால் குளத்தை வீட்டு வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், கற்குவியலை இடுக்கு இல்லாமல் அடுக்குங்கள், ராத்திரியில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். மடையானும் மீன்கொத்தியும் வந்தால் வரட்டும். நாலு முண்டக்கண்ணி போனால் மறுபடி பெருகும்.

நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் இருந்தால் மீன் குளத்துக்கு மேலே கம்பி வலைச் சட்டம் கட்டாயம். ஓர் அடித் தண்ணீர் கூடப் போதும், சத்தமே கேட்காது. வளர்ப்பு நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். உடனே வாயைத் தண்ணீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது ஆமைக்குஞ்சு கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். நம் குளத்து ஆமையை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெயில் காலம்

சித்திரை, வைகாசியில் மீன் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து பத்து முறை அதிலேயே ஊற்றினால் உடனே சரியாகும். பகலில் தென்னங்கீற்றோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். வற்றிய தண்ணீரை ஒரே நாளில் நிரப்பாமல், ஒரு நாளைக்குக் குளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் விடுங்கள்.

தவளைத் தொட்டியை மட்டும் இந்த மாதங்களில் முழுக்கக் காயவிட்டுவிடலாம், கடைசித் தலைப்பிரட்டையும் கரையேறிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு. உள்ளே தங்கிய தட்டான் புழுக்களும் நீர்ப்பூச்சிகளும் போய்விடும், அடுத்த மழைக்குத் தொட்டி புதுக்குட்டையாகும். அடியில் படிந்த கறுப்புச் சேற்றை வழித்து மல்லிகைக்கோ கருவேப்பிலைக்கோ போடுங்கள். சிமெண்ட் தொட்டியென்றால் விரிசல் பார்த்துப் பூச இதுதான் நேரம். பூசினால் மறுபடி வாழைத்தண்டு ஊறவைக்க வேண்டும்.